போதுமக்காவின் வலது கை

பதினேழாவது படுக்கை விரிப்பின் ஒரு முனையை மோவாய்க்குக் கீழே அழுத்திப் பிடித்துக்கொண்டு, மறு முனையை இடது கையால் தேடிக்கொண்டிருந்தபோதுதான், தான் வேலையை விட்டுவிட்ட செய்தி போதுமக்காவுக்குத் தெரியவந்தது. கொண்டுவந்தவர் டீக்காரர்.

"என்னக்கா, இன்னும் இங்கதான் நிக்கிறீங்க? நீங்க வேலைய விட்டுட்டீங்கன்னு சொன்னாங்களே!"

மோவாயில் துணி இருக்கும்போது பேச முடியாது. புருவத்தைத் தூக்கி, யார் என்று கேட்டார் அக்கா.

"கேண்டீன்ல பேசிக்கிட்டாங்க. ஸ்டோர்காரர் சொன்னாராம். திங்கக்கிழமை துணிய எல்லாம் தூக்கிப் போட்டுட்டு, 'போதும், போதும்'னு கத்திட்டுப் போயிட்டீங்களாம். நான்கூட உங்களுக்கு டீ எடுக்காம வந்துட்டேன்."

விரிப்பை மடித்து, அடுக்கின் மேல் வைத்து, இடது உள்ளங்கையால் ஒருமுறை தடவிவிட்ட பிறகுதான் அக்கா வாயைத் திறந்தார்.

"வேலை போனாக்கூடப் பரவால்ல. அதுக்குள்ள டீயையும் நிறுத்திட்டீங்களா?"

டீக்காரர் நாக்கைக் கடித்துக்கொண்டு மேலே ஓடினார். ரோலர் பக்கமிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. அக்கா சிரிக்கவில்லை. பதினெட்டாவது விரிப்பை எடுத்தார். அந்த விரிப்பு ஏனோ நனைந்த சாக்குபோலக் கனத்தது.

இது ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக்கூடம். தரைக்கு அடியில் இருக்கிறது, ஜன்னல் கிடையாது. வெளியே மழையா வெயிலா என்பதை இறங்கி வருகிறவர்களின் செருப்பைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு சுவரோரம் துவைக்கும் இயந்திரங்கள், எதிர்ச்சுவரில் உலர்த்தும் இயந்திரங்கள், நடுவில் கொதிக்கும் இரும்பு உருளை. அதன் பெயர் ரோலர். ஈர விரிப்பை இந்தப் பக்கம் கொடுத்தால் அந்தப் பக்கம் அப்பளமாக வரும். அதை ஓட்டுகிறவள் ரோலர்க்காரி. வயது முப்பதைத் தாண்டியவள், வாய் மட்டும் ஐம்பதைத் தாண்டியது. அவள் தள்ளுவண்டியில் போடும் விரிப்புகளை மேசையில் மடித்து அடுக்குவது அக்காவின் வேலை. பதினொரு வருடமாக இதே மேசை. மேசையின் விளிம்பில் அக்கா நிற்கும் இடத்தில் மட்டும் வண்ணம் தேய்ந்து மரம் தெரிகிறது.

அக்கா மடித்த விரிப்பை அடையாளம் காண்பது எளிது. நான்கு ஓரமும் ஒரே கத்தியால் வெட்டியதுபோல இருக்கும். "கீழ அந்த அம்மா மடிச்சதா இருந்தா குடுங்க" என்று மேலே நர்சுகள் கேட்டு வாங்குவதாகச் சொல்வார்கள். தனியாகத்தான் மடிப்பார். பெரிய விரிப்புக்கு ஆளுக்கொரு பக்கம் பிடிப்பதுதான் எல்லா இடத்திலும் வழக்கம். அக்கா யாரையும் மறுமுனையைத் தொடவிட மாட்டார். "ரெண்டு பேர் பிடிச்சா ரெண்டு பக்கம் கோணும். நீ போய் உன் ரோலரைப் பாருடி."

துணியோடு துணியாகக் கீழே வந்துவிடும் பொருள்களுக்கென்று அலமாரியில் ஒரு தகர டப்பா வைத்திருக்கிறார். மூக்குக்கண்ணாடி, காதில் வைக்கும் கருவி, மோதிரம், பாதி எழுதிய கடிதம், பல்செட். எந்த வார்டிலிருந்து வந்தது என்பதை விரிப்பின் ஓரத்தில் இருக்கும் தையல் நூலின் நிறத்தை வைத்துச் சொல்லிவிடுவார். கடிதத்தைப் பிரிக்க மாட்டார். கண்ணாடி சாயங்காலம்வரை பொறுக்கும். பல்செட் வந்தால் மட்டும் கையிலிருக்கும் துணியை அப்படியே போட்டுவிட்டு மாடிக்கு ஓடுவார். "பல்லு இல்லாம அந்த மனுசன் மத்தியானம் என்னத்தச் சாப்பிடுவாரு?"

பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் இருக்கிறது. ஆஸ்பத்திரி முழுக்க அவர் போதுமக்காதான். டீயில் சர்க்கரை போடும்போது "போதும்." சாப்பாட்டுத் தட்டில் இரண்டாவது கரண்டி விழுமுன் "போதும்." ரோலர்க்காரி மாமியார் கதையை ஆரம்பித்தால் நான்காவது வாக்கியத்தில் "போதும்டி." இருபது விரிப்பு கொண்ட ஒரு அடுக்கு முடிந்ததும், முத்திரை குத்துவதுபோல அதன் தலையில் ஒரு தட்டு தட்டி ஒரு "போதும்." புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் சிடுமூஞ்சி என்று நினைப்பார்கள். ஒரு மாதம் போனால், அந்தச் சொல்லை அவர் எத்தனை விதமாகச் சொல்கிறார் என்பது பிடிபடும். பிறகு அவர்களே சொல்லத் தொடங்கிவிடுவார்கள்.

அந்தச் சொல் அவருக்கு வந்தது கை போகத் தொடங்கிய பிறகுதான். கை போகத் தொடங்கி எட்டு மாதம் ஆகிறது.

முதலில் சுண்டு விரல் மரத்தது. பிறகு பக்கத்து விரல். பிறகு தோளிலிருந்து மணிக்கட்டுவரை, வேறு யாருடைய கையையோ தைத்து வைத்ததுபோல ஆனது. காலையில் கண் விழித்ததும் இடது கையால் வலது கையின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட வேண்டும். துருப்பிடித்த குடையை விரிப்பதுபோல. சட்டைப் பொத்தான்களை எடுத்துவிட்டு, அழுத்தினால் ஒட்டிக்கொள்ளும் பட்டை தைத்துக்கொண்டார். இடது கையால் தலை வாரப் பழகினார். பதிவேட்டில் போடும் கையெழுத்து எறும்பு ஊர்ந்துபோனதுபோல ஆகிவிட்டது. "இதுக்குக் கையெழுத்துன்னு பேரு வச்சவன் என் கையைப் பார்த்ததில்ல" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வார். துணியை மோவாயில் இடுக்கி மடிக்கும் வித்தை அப்போது வந்ததுதான்.

யாரிடமும் சொல்லவில்லை. சொல்லவும் முடியாது. பிழைக்க வந்த இந்த நாட்டில் வேலை இருக்கும்வரைதான் தங்க அனுமதி. வந்திறங்கிய நாளில் கொண்டுவந்த பெட்டியை அக்கா இன்னும் பரணில் ஏற்றவில்லை. கட்டிலுக்கு அடியில், கைக்கு எட்டுகிற தூரத்தில், பாதி துணியோடுதான் வைத்திருக்கிறார். வேறொரு நாட்டில் நர்சிங் படிக்கும் மகளுக்கு இன்னும் ஒன்றரை வருடப் படிப்பு பாக்கி. உலர்த்தும் இயந்திரத்தில் நின்ற பெண் முதுகு வலிக்கிறது என்று ஒரு நாள் வாய்விட்டுச் சொன்னாள். அடுத்த மாதம் அவளுக்கு ஒரு கடிதம் வந்தது. அதற்கடுத்த வாரம் அவளுடைய அலமாரியில் வேறு பூட்டு தொங்கியது. அதிலிருந்து, மேலிருந்து யாராவது காகிதத்தோடு இறங்கினாலே அக்கா வலது கையைத் துணிக்குள் மறைத்துக்கொள்வார்.

துணி ஸ்டோருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறை இருக்கிறது. எல்லா மதத்தாருக்கும் பொதுவான பிரார்த்தனை அறை. ஆறு நாற்காலி, ஒரு விளக்கு, அவ்வளவுதான். பத்து நிமிட இடைவேளையில் அக்கா அங்கே போய் உட்கார்வார். அலங்காரமாக ஜெபிக்கத் தெரியாது. "ஆண்டவரே, கை" என்பார். அதற்குமேல் என்ன சொல்வது என்று தோன்றாது. ஒரு வாரம் கேட்டார். மறு மாதம் அழுது கேட்டார். மூன்றாம் முறை கோபமாகவே கேட்டார். கை சரியாகவில்லை. ஆனால் மூன்றாம் முறை எழுந்து வரும்போது ஒரு சொல் மட்டும் உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது.

ரோலர்க்காரி ஒருமுறை விளையாட்டாகக் கேட்டாள். "அங்க போய்ப் போய் உட்காருறீங்களேக்கா, என்னதான் சொல்றாரு?"

"போதும்னு சொல்றாரு."

"எது போதுமாம்?"

"அதாண்டி தெரியல. நான் கேட்டது போதும், வாய மூடுன்னு சொல்றாரா, இல்ல, அவர் குடுத்தது போதும்னு சொல்றாரா. கேட்டுப் பார்த்துட்டேன். அதுக்கு மேல ஒரு வார்த்த வரல."

இரண்டில் எது என்று தெரியாமலேயே நாள்கள் ஓடின. காலையில் படி இறங்கும்போது, இன்று முடியாது என்றுதான் தோன்றும். சாயங்காலம் பார்த்தால் வேலை முடிந்திருக்கும். சின்னச் சின்னதாகச் சிலவற்றைக் கணக்கில் வைத்திருந்தார். மாடிப்படியில் இடது பக்கம்தான் கைப்பிடி. பேருந்தில் இடது ஓரம் அடிக்கடி காலியாக இருக்கும். எல்லாவற்றையும்விட, காலையில் வரும்போது துணி வண்டி மேசைக்கு இடது பக்கமே நிற்கும். இடது கையால் எட்டி எடுத்தால் போதும். வலது பக்கம் நின்றிருந்தால் முதல் நாளே குட்டு உடைந்திருக்கும். "பாத்தியா, இன்னிக்கும் இங்கதான் நிக்குது" என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு அதற்கும் ஒரு நன்றி சொல்வார்.

இப்படி ஓடிக்கொண்டிருந்த பிழைப்பு வண்டிக்குத்தான் திங்கள்கிழமை அச்சு முறிந்தது.

ஸ்டோரில் அடுக்கி வைக்கப் போனார். இரண்டு அடுக்கு, நாற்பது விரிப்பு. வலது முழங்கையில் தாங்கி, இடது கையால் அணைத்துக்கொண்டு, மேல் தட்டுக்கு ஏற்றும்போது முழங்கை இருக்கிறதா இல்லையா என்றே தெரியாமல் போனது. நாற்பதும் சரிந்து தரையில் பரவின. எட்டு மாதத்தில் ஒரு துணியைக்கூடக் கீழே விட்டதில்லை. அக்கா அவற்றுக்கு நடுவில் உட்கார்ந்துவிட்டார். எழ முடியவில்லை, எழவும் தோன்றவில்லை. "போதும்யா" என்றார். கூரையைப் பார்த்து இன்னொரு முறை, கொஞ்சம் சத்தமாக, "போதும்!"

அது புகாரா, கெஞ்சலா, பதிலா என்று அவருக்கே தெரியாது. ஒரு பத்து நிமிடம் கழித்து எழுந்து நாற்பதையும் மறுபடி மடித்தார். ஆனால் அலமாரிக்கு அந்தப் பக்கம் தலையணை உறை எண்ணிக்கொண்டிருந்த ஸ்டோர்காரருக்குக் காதில் விழுந்தது துணி விழுந்த சத்தமும் அந்தச் சொல்லும்தான். அதற்கு அவர் ஒரு கால் வைத்தார், கேண்டீனில் இன்னொரு கால் முளைத்தது, புதன்கிழமை காலை அது டீ டிரேயோடு அக்காவிடமே நடந்து வந்துவிட்டது.

டீக்காரர் போனதும் ரோலர்க்காரி இயந்திரத்தை நிறுத்திவிட்டு வந்தாள். முகத்தில் சிரிப்பு இல்லை.

"அக்கா, சிரிச்சுட்டேனே தவிர... மேல போர்டுல அடுத்த வார டியூட்டி ஒட்டியிருக்காங்க. உங்க பேரு இல்ல. எழுதுறப்ப விட்டுப்போச்சு போலன்னு நெனச்சேன்."

அக்கா மேசையைப் பிடித்துக்கொண்டார். இடது கையால்தான்.

சூப்பர்வைசர் அக்காவைவிடப் பத்து வயது சின்னவர். கெட்டவர் இல்லை, காகிதத்துக்குப் பயந்தவர். அக்கா படியேறி அவர் அறைக்குள் வந்ததும் எழுந்து நின்றார்.

"வாங்கம்மா. நானே கூப்பிடணும்னு இருந்தேன். இத்தன வருசம் இருந்துட்டு, ஒரு வார்த்த சொல்லாமப் போறீங்களேன்னு..."

"நான் எங்க சார் போறேன்?"

"விலகிட்டீங்கன்னு சொன்னாங்க. நேத்தே ஆபீசுக்கு எழுதி அனுப்பிட்டேன்."

"யாரைக் கேட்டு சார்?"

அவர் கழுத்தைச் சொறிந்தார். "போதும்னு சொன்னீங்களா இல்லையா?"

"சொன்னேன்."

"எதப் போதும்னு சொன்னீங்க?"

வரும் வழியில் படிக்கு ஒன்றாகப் பொய் தயார் செய்திருந்தார் அக்கா. துணி எண்ணிக்கை போதும் என்று சொன்னேன். யாரோ பேசிக்கொண்டிருந்தார்கள், அவர்களை அதட்டினேன். எதைச் சொன்னாலும் இவர் நம்பியிருப்பார். ஆனால் வாயில் வந்தது, "என் பாட்டுக்குச் சொன்னேன் சார். ஆண்டவர்கிட்ட."

சூப்பர்வைசர் மறுபடி கழுத்தைச் சொறிந்தார். பிறகு இழுப்பறையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்தார். "சரி, அது எனக்கு வேணாம். நான் விலகலைன்னு இதுல ரெண்டு வரி எழுதிக் கையெழுத்துப் போடுங்க. இப்பவே அனுப்பிடுறேன், சரியாப் போயிடும்" என்று பேனாவை நீட்டினார்.

பழக்கத்தில் வலது கை நீண்டது. பேனா விரல்களுக்கு நடுவே போய்ப் படுத்துக்கொண்டது. விரல்கள் மடங்கவில்லை. பேனா உருண்டு தரையில் விழுந்தது. அவர் குனிந்து எடுத்துக் கொடுத்தார். மறுபடி விழுந்தது. இம்முறை அவர் எடுக்கவில்லை. அக்காவின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்கா நாற்காலியில் உட்கார்ந்தார். யாரும் உட்காரச் சொல்லவில்லை. இடது கையால் வலது கையைத் தூக்கி மேசையில் படிவத்தின் மேல் மல்லாக்க வைத்தார். டப்பாவில் கிடந்த ஒரு பொருளை உரியவரிடம் சேர்ப்பதுபோல.

"இதுதான் சார் விசயம்."

"எத்தன மாசமா?"

"எட்டு."

"எட்டு மாசமா எப்படிம்மா மடிச்சீங்க? மேல வார்டுல உங்க அடுக்கத்தானே கேட்டு வாங்குறாங்க?"

"மோவாய் இருக்கே சார்." சொல்லிவிட்டு, அது மட்டும் பதிலில்லை என்று அவருக்கே தோன்றியது. "எனக்கே தெரியல சார். காலைல எறங்கும்போது ஒண்ணும் இருக்காது. ஒரு விரிப்பு மடிக்கத்தான் தெம்பு இருக்கும். அத மடிச்சா அடுத்ததுக்கு இருக்கும். மொத்தமா ஒரு நாளும் வந்ததில்ல. ஒண்ணு ஒண்ணாத்தான் வரும். ஆனா வராம நின்னதும் இல்ல."

சூப்பர்வைசர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இத மறைச்சு எழுத என்னால முடியாதும்மா. எனக்கும் குடும்பம் இருக்கு."

"மறைக்க வேணாம் சார். கையக்கூடப் பொறுத்துக்கிட்டேன். மறைக்கிறதத்தான் தாங்க முடியல."

"ஆபீஸ்ல பேசிப் பார்க்குறேன். எண்ணுற வேல, தைக்கிற வேலன்னு ஏதாவது... சத்தியம் பண்ண மாட்டேன். மூணு மணிக்குப் போன் பண்றேன். எதுவா இருந்தாலும் பண்றேன்."

அக்கா படியில் இறங்கினார். இடது பக்கக் கைப்பிடி. பாதியில் ஒருமுறை நின்று மூச்சு வாங்கினார். ஒன்றரை வருடம் என்று மகளின் படிப்பை நினைத்தார். கட்டிலுக்கு அடியில் இருக்கும் பெட்டியின் பூட்டுக்குச் சாவி எங்கே என்று நினைத்தார். ஜெபம் எதுவும் வரவில்லை. வராததைப் பற்றி வருத்தப்படக்கூடத் தெம்பில்லை.

சலவைக்கூடத்தின் கதவருகே வந்தவர் அப்படியே நின்றார். உள்ளே ரோலர்க்காரி புதிதாக நிறைந்த துணி வண்டியை மேசையின் வலது பக்கத்திலிருந்து இடது பக்கத்துக்குத் தள்ளிக்கொண்டிருந்தாள். ஒரு சக்கரம் முரண்டு பிடித்தது. இடுப்பால் ஒரு இடி இடித்தாள். இடித்த விதத்தில் பழக்கம் தெரிந்தது.

"என்னடி பண்ற?"

திருட்டு முழி முழித்தாள் ரோலர்க்காரி. "ஒண்ணுமில்லக்கா. வண்டி."

"அது எப்பவும் அங்கதானே நிக்கும்?"

"தானா எப்படிக்கா நிக்கும்? சக்கரந்தான் இருக்கு, புத்தி இல்லையே. ராத்திரி ஷிப்டுக்காரங்க வலது பக்கந்தான் விட்டுட்டுப் போவாங்க."

"எத்தன நாளா தள்ளுற?"

"உங்க வகிடு கோணலா வர ஆரம்பிச்ச நாள்லேருந்து."

அக்கா தலையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "ஏன்டி எங்கிட்டச் சொல்லல?"

"நீங்க சொன்னீங்களா?"

நியாயமான கேள்வி. அக்கா மேசையருகே தன் இடத்தில் போய் நின்றார். வண்டியிலிருந்து ஒரு விரிப்பை இடது கையால் எடுத்துக்கொண்டே, "நான் இத்தன நாளா அதுக்கு ஆண்டவருக்கு நன்றி சொல்லிட்டு இருந்தேன்டி" என்றார்.

"சொல்லுங்க, சொல்லுங்க. நான் என்ன பங்கா கேட்டேன்?" என்று சொல்லிவிட்டு ரோலரை ஓட்டப் போய்விட்டாள் அவள். போகும்போது மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். நீராவியாக இருக்கலாம்.

மத்தியானம் மெதுவாக நகர்ந்தது. டீக்காரர் பரிகாரமாக இரண்டு டீ கொண்டுவந்து வைத்தார். ஒன்று போதும் என்று அக்கா சொல்லவில்லை. சொல்லாததை யாரும் கவனிக்கவுமில்லை. மூன்றுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது, பச்சை நூல் தைத்த விரிப்பு ஒன்றிலிருந்து ஒரு பல்செட் விழுந்தது. அக்கா அதைக் கழுவித் தகர டப்பாவில் போட்டார். வழக்கம்போல மாடிக்கு ஓடவில்லை. பக்கத்தில், அதே டப்பாவின் மூடிமேல், தன் போனை வைத்தார்.

அடுத்து வந்தது குழந்தைகள் வார்டின் பெரிய திரை. விரிப்பைவிட இரண்டு மடங்கு நீளம். அதன் ஒரு முனையை மோவாயில் இடுக்கி, மறு முனையைத் தேடி இடது கை இறங்கிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. டப்பா அதிர்ந்தது. உள்ளே இருந்த பல்செட் குளிரில் நடுங்குவதுபோலக் கடகடவென்று அடித்துக்கொண்டது.

ரோலர்க்காரி இயந்திரத்தை நிறுத்தினாள். "அக்கா, மேலேருந்துதான். நம்பர் தெரியுது. எடுக்கட்டுமா?"

அக்கா பேசவில்லை. மோவாயில் துணி இருந்தது.

போன் இரண்டாம் முறை அடித்து, மூன்றாம் முறை அடித்தது. அக்கா மெல்ல மோவாயை உயர்த்தினார். எட்டு மாதமாகத் துணியை விடாத அந்த இடத்தில் சிவப்பாக ஒரு தடம் தெரிந்தது. திரை நழுவியது. நழுவிய முனையை மடங்காத வலது மணிக்கட்டின் மேல் வாங்கிக்கொண்டு, இன்னொரு முனையை இடது கையில் பிடித்து, பல்செட் கடகடத்துக்கொண்டிருக்கும்போதே, இரண்டு முனைகளையும் மேசைக்குக் குறுக்கே ரோலர்க்காரியின் பக்கமாக நீட்டினார்.

"பிடிடி."